1741 நியூயார்க் தீவைப்பு வழக்குகள்

1741 நியூயார்க் தீவைப்பு வழக்குகள் என்பவை, பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த நியூயார்க் நகரில் 1741 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அடுத்தடுத்து ஏற்பட்ட தீ நிகழ்வுகளைத் தொடர்ந்து நடந்த விசாரணைகளையும் தண்டனைகளையும் குறிக்கும். நகரிலிருந்த கறுப்பின அடிமைகளும் சில வெள்ளையரும் கூடிச் சதி செய்து நகரைக் கொளுத்தினர் என்பது குற்றச்சாட்டு. விசாரணையின் முடிவில் 30 கறுப்பின ஆண்களும் 4 வெள்ளையரும் கொல்லப்பட்டனர். எழுபதுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் நாடு கடத்தப்பட்டனர். அப்படி ஒரு சதி உண்மையிலேயே இருந்ததா என்பது வரலாற்றாய்வாளர்களிடையே இன்றும் விவாதப் பொருளாக உள்ளது. தீ பற்றியது என்பதற்கும் தீ வைக்கப்பட்டது என்பதற்கும் இடையே எவ்வளவு சான்று தேவை என்பதைப் புரிந்துகொள்ள இவ்வழக்குகள் முக்கியமான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகின்றன.

இக்கட்டுரையில் நியூயார்க் நிகழ்வுகளுக்குத் தரப்பட்டுள்ள தேதிகள், அக்காலப் பிரித்தானியக் குடியேற்றங்களில் வழங்கிய ஜூலியன் நாட்காட்டியின்படி அமைந்தவை. இன்றைய நாட்காட்டியில் இவை 11 நாட்கள் பின்னால் வரும்.

பின்னணி

நியூயார்க், மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் டச்சுக்காரர் அமைத்த நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற குடியேற்றமாகத் தொடங்கியது. 1664இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றிப் பெயரை மாற்றினர். டச்சுக்காரர் காலத்திலேயே ஆப்பிரிக்க அடிமைகள் அங்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். 1711இல் வால் தெருவின் முனையில் அடிமைச் சந்தை முறையாக அமைக்கப்பட்டது. 1741இல் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 10,000. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். பெருந்தோட்டங்களில் போல இவர்கள் தனிக் குடியிருப்புகளில் வாழவில்லை. உரிமையாளரின் வீட்டிலேயே, சமையலறை மாடத்திலோ நிலவறையிலோ தங்கி, சமையல், தச்சு, படகோட்டுதல், சுமை தூக்குதல் ஆகிய வேலைகளைச் செய்தனர்.

1712 ஏப்ரலில் இந்நகரில் அடிமைகள் சிலர் ஒரு கட்டடத்துக்குத் தீ வைத்து, அணைக்க வந்த வெள்ளையரைத் தாக்கினர். 9 பேர் இறந்தனர். 21 அடிமைகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இதன் பிறகு அடிமைகள் ஒன்றுகூடுவதற்கும் ஆயுதம் வைத்திருப்பதற்கும் கடுமையான தடைகள் வந்தன. 1739இல் தென் கரோலினாவில் நடந்த ஸ்டோனோ கிளர்ச்சி, பழைய அச்சத்தைப் புதுப்பித்தது.

அதே 1739இல் பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. நகரின் படைவீரர் பலர் கரீபியன் பகுதிக்கு அனுப்பப்பட்டதால் காவல் குறைந்திருந்தது. பிடிபட்ட ஸ்பானியக் கப்பல் ஒன்றிலிருந்து கறுப்பின மாலுமிகள் சிலர் 1740இல் நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டனர். தாங்கள் ஸ்பானிய அரசின் சுதந்திரக் குடிகள் என்று அவர்கள் தொடர்ந்து வாதிட்டு வந்தனர். 1740-41 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. ஆறு உறைந்து, விறகுக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

வீடுகளின் கூரைகள் பெரும்பாலும் மரச்சில்லுகளால் வேயப்பட்டவை. குளிர்காலம் முழுவதும் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். புகைபோக்கியில் படிந்த கரி பற்றி, அதிலிருந்து தெறிக்கும் பொறி கூரையில் விழுவது வழக்கமான விபத்து. நகராட்சி 1731இல் இலண்டனிலிருந்து இரண்டு தீயணைப்புப் பொறிகளை வாங்கியிருந்தது. அவற்றுக்கும் வாளி வாளியாகக் கைமாற்றித்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தீ நிகழ்வுகள்

1741 மார்ச் 18 அன்று நகரின் தென்முனையிலிருந்த ஜார்ஜ் கோட்டையில் துணை ஆளுநர் ஜார்ஜ் கிளார்க்கின் மாளிகைக் கூரை பற்றியது. காற்று பலமாக வீசியதால் தேவாலயமும் படைவீரர் குடியிருப்பும் எரிந்தன. உள்ளே இருந்த கையெறி குண்டுகள் வெடிக்கத் தொடங்கியதும் அணைக்க வந்தவர்கள் அஞ்சி விலகினர். மாலையில் பெய்த மழை, தீ மேலும் பரவாமல் தடுத்தது.

இத்தீக்கு முதலில் சொல்லப்பட்ட காரணம் மிக எளியது. அன்று காலை ஒரு தொழிலாளி, மாளிகைக்கும் தேவாலயத்துக்கும் இடையிலிருந்த கூரை நீர்த்தாரையை ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவருடைய நெருப்புச் சட்டியிலிருந்து பொறி பறந்திருக்கலாம் என்று துணை ஆளுநரே கருதினார்.

அதன் பின் நடந்தவை:

மார்ச் 25: கடற்படைக் கப்பல் தலைவர் பீட்டர் வாரனின் வீட்டுக் கூரை பற்றியது. புகைபோக்கியிலிருந்து வந்த தீ என்று கருதப்பட்டது.

ஏப்ரல் 1: வான் சாண்ட் என்பவரின் சேமிப்புக் கிடங்கு எரிந்தது. உள்ளே ஒருவர் புகைபிடித்ததே காரணம் என்று சொல்லப்பட்டது.

ஏப்ரல் 4: ஒரு மாட்டுத் தொழுவத்தின் வைக்கோல் பற்றியது. அதை அணைத்துத் திரும்பும்போதே பென் தாமஸ் என்பவரின் வீட்டில் தீ என்று குரல் எழுந்தது. அங்கே ஓர் அடிமை படுத்துறங்கும் படுக்கையின் வைக்கோலுக்கிடையே நெருப்பு இருந்தது.

ஏப்ரல் 5: வழக்கறிஞர் ஜோசப் மர்ரியின் குதிரைலாயத்தில் வைக்கோல் போருக்கு அடியில் கனன்று அவிந்த கரித்துண்டுகள் காணப்பட்டன. சாம்பல் தடம் அடுத்த வீட்டு வேலி வரை சென்றது.

ஏப்ரல் 6: ஒரே நாளில் நான்கு இடங்களில் தீ. அவற்றுள் ஒன்று செல்வந்தர் அடோல்ஃப் பிலிப்ஸின் கிடங்கு. அங்கிருந்து அவருடைய அடிமையான கஃபி தாவி ஓடியதைக் கண்டதாக ஒருவர் கூவினார்.

மார்ச் மாதத் தீக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் சொல்லப்பட்டிருந்தது. மர்ரியின் லாயத்தில் கிடந்த கரித்துண்டுகளுக்கு அப்படி ஒரு விளக்கம் கிடைக்கவில்லை. அந்தத் தடம் ஐயத்துக்குரியதுதான். ஆனால் அந்த ஒன்று கிடைத்ததும், அதற்கு முன் நடந்த எல்லாத் தீயும் அதே கையால் வைக்கப்பட்டவை என்ற முடிவுக்கு நகரம் வந்தது. கறுப்பர்கள் கிளர்ந்தெழுகிறார்கள் என்ற கூச்சல் தெருத்தெருவாகப் பரவியது. கண்ணில் பட்ட கறுப்பின ஆண்கள் பலர் பிடித்துச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஸ்பானிய மாலுமிகள் முதலில் பிடிபட்டவர்களுள் அடங்குவர்.

அந்த நாட்களில் எது சான்றாகக் கொள்ளப்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்வு உண்டு. ஏப்ரல் 5 ஞாயிறன்று அபிகெயில் ஏர்ல் என்ற பெண், தன் வீட்டுச் சன்னலுக்குக் கீழே நடந்துசென்ற மூன்று அடிமைகளில் ஒருவர், தீயைப் பற்றிச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டதாகக் கூறினார். குவாக் என்ற அந்த அடிமை விசாரிக்கப்பட்டபோது, தாம் பேசியது ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி வெர்னன் போர்ட்டோபெல்லோவைப் பிடித்த செய்தியைப் பற்றி என்றார். வெர்னனின் வெற்றி அப்போது எல்லோரும் பேசிய செய்தி. ஆனாலும் அந்த விளக்கம் ஏற்கப்படவில்லை.

திருட்டு வழக்கும் மேரி பர்ட்டனும்

தீ நிகழ்வுகளுக்கு முன்பே, பிப்ரவரி 28 இரவு, ராபர்ட் ஹாக் என்பவரின் கடையில் துணியும் வெள்ளி நாணயங்களும் திருடுபோயிருந்தன. சீசர், பிரின்ஸ் என்ற இரு அடிமைகள் மீது ஐயம் விழுந்தது. திருட்டுப் பொருட்கள் ஜான் ஹியூசன் என்ற வெள்ளையரின் மதுக்கடைக்குச் சென்றதாகத் தெரிந்தது. அடிமைகளுக்கு மது விற்பதும் அவர்களைக் கூட்டமாக அமர விடுவதும் சட்டப்படி குற்றம். ஹியூசன் இரண்டையும் செய்துவந்தார். பெகி கெர்ரி என்ற வெள்ளையினப் பெண் அங்கே தங்கியிருந்தார். அவருக்கும் சீசருக்கும் ஒரு குழந்தை இருந்தது.

திருட்டைப் பற்றித் தகவல் தந்தவர் மேரி பர்ட்டன், ஹியூசன் வீட்டில் ஒப்பந்தப் பணிப்பெண்ணாக இருந்த 16 வயதுப் பெண். ஒப்பந்தக் காலம் முடியும் வரை வேலையை விட்டு விலக அவருக்கு உரிமை இல்லை.

ஏப்ரல் 11 அன்று நகராட்சி ஒரு பரிசை அறிவித்தது. தீ வைத்தவரைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளையருக்கு 100 பவுண்டு. சுதந்திரமான கறுப்பினத்தவருக்கு 45 பவுண்டு. அடிமைக்கு விடுதலையும் 20 பவுண்டும், அவருடைய உரிமையாளருக்கு 25 பவுண்டு இழப்பீடும் தரப்படும். ஏப்ரல் 21 அன்று மாகாண உச்ச நீதிமன்றம் கூடியது. மறுநாள் மேரி பர்ட்டன் பெரு ஜூரி முன் அழைக்கப்பட்டார். திருட்டைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்ட அவர், தீயைப் பற்றிப் பேச மறுத்தார். சிறையில் அடைக்கப்படுவார் என்று எச்சரிக்கப்பட்ட பிறகு பேசினார்.

சீசர், பிரின்ஸ், கஃபி மூவரும் ஹியூசனின் கடையில் கூடி, கோட்டையையும் நகரையும் எரித்து வெள்ளையரைக் கொல்லத் திட்டமிட்டனர் என்றார். அதன் பின் ஹியூசன் அரசராகவும் சீசர் ஆளுநராகவும் ஆவர் என்று பேசிக்கொண்டதாகவும் சொன்னார். ஹியூசன், அவர் மனைவி, பெகி கெர்ரி ஆகியோரைத் தவிர வேறு எந்த வெள்ளையரையும் அந்தப் பேச்சில் தாம் கண்டதில்லை என்றும் கூறினார். இந்தக் கடைசிக் கூற்று பின்னர் முக்கியமானதாகிறது.

மேரி பர்ட்டனின் சாட்சியம் ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதற்குச் சட்டமே காரணம். அக்கால நியூயார்க்கில் ஓர் அடிமையின் சாட்சியத்தை மற்றோர் அடிமைக்கு எதிராக மட்டுமே பயன்படுத்தலாம், வெள்ளையருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஹியூசனையும் அடிமைகளையும் ஒரே சதியில் கட்ட, வெள்ளையர் ஒருவரின் வாய்ச்சொல் வேண்டியிருந்தது.

விசாரணைகள்

விசாரணையை முன்னின்று நடத்தியவர் மூன்றாம் நீதிபதி டேனியல் ஹார்ஸ்மண்டன். அவருடன் அமர்ந்த இரண்டாம் நீதிபதி பிரெடெரிக் பிலிப்ஸ், எரிந்த கிடங்கின் உரிமையாளரான அடோல்ஃப் பிலிப்ஸின் அண்ணன் மகன். நகரின் வழக்கறிஞர்கள் அனைவரும் அரசுத் தரப்புக்கு உதவ முன்வந்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைகளுக்காக வாதாட எவரும் இல்லை. லாயத்தில் கரித்துண்டு கிடந்த ஜோசப் மர்ரியும் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர்.

சீசரும் பிரின்சும் திருட்டுக் குற்றத்துக்காக மே 11 அன்று தூக்கிலிடப்பட்டனர். சதியைப் பற்றி அவர்கள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

குவாக், கஃபி வழக்கு

தீவைப்புக்கான முதல் விசாரணை மே 29 அன்று நடந்தது. கோட்டைக்குத் தீ வைத்ததாக ஜான் ரூஸ்வெல்டின் அடிமையான குவாக் (சன்னலடியில் பேசியவர் வேறொரு குவாக்), பிலிப்ஸின் கிடங்குக்குத் தீ வைத்ததாக கஃபி ஆகிய இருவரும் நிறுத்தப்பட்டனர். குவாக்கின் மனைவி ஆளுநர் மாளிகையில் சமையல்காரி. அவரைப் பார்க்க வரக்கூடாது என்று குவாக்குக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. அந்த மனக்கசப்பே காரணம் என்றது அரசுத் தரப்பு.

இருவருக்கும் ஆதரவாக அவர்களின் உரிமையாளர்களே சாட்சி சொன்னார்கள். தீப்பிடித்த அன்று காலை பெரும்பகுதி நேரம் குவாக் தம் வீட்டு முற்றத்தில் பனிக்கட்டி வெட்டிக்கொண்டிருந்தார் என்றார் ரூஸ்வெல்ட். அன்று பிற்பகல் கஃபி படகுக்குரிய காற்றுக்கொடி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்ததைத் தாம் விட்டுவந்ததாக பிலிப்ஸ் கூறினார். ஜூரி இவற்றை ஏற்கவில்லை. உயிரோடு எரிக்கத் தீர்ப்பாயிற்று.

மறுநாள் விறகு அடுக்கப்பட்ட இடத்தில், உண்மையைச் சொன்னால் தண்டனை தள்ளிவைக்கப்படலாம் என்று இருவரிடமும் தனித்தனியே சொல்லப்பட்டது. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஹியூசன் உட்பட மேலும் பலரின் பெயரைக் கூறினர். தள்ளிவைக்க அனுமதி கேட்கப்பட்டபோது, கூடியிருந்த கூட்டத்தைத் தாண்டி அவர்களைச் சிறைக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்று காவல் அதிகாரி கைவிரித்தார். இருவரும் எரிக்கப்பட்டனர். அவர்களின் வாக்குமூலம் மட்டும் அடுத்தடுத்த வழக்குகளுக்குச் சான்றாக எஞ்சியது.

ஹியூசன் குடும்பம்

ஜூன் 4 அன்று ஹியூசன், அவருடைய மனைவி, மகள், பெகி கெர்ரி ஆகியோர் விசாரிக்கப்பட்டனர். மகளைத் தவிர மற்ற மூவரும் ஜூன் 12 அன்று தூக்கிலிடப்பட்டனர். மகளின் தண்டனை பல முறை தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் அவர் அரசுத் தரப்புக்குச் சாட்சியானார்.

மன்னிப்பு அறிவிப்பு

ஜூன் 19 அன்று துணை ஆளுநர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஜூலை 1க்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, உடனிருந்தவர்களைக் காட்டிக்கொடுப்போருக்கு மன்னிப்பு உண்டு. சிறையில் இருந்தவர்களுக்கு இதன் பொருள் தெளிவாகவே விளங்கியது. மறுத்தவர்கள் எரிக்கப்படுவதையும் தூக்கிலிடப்படுவதையும் அவர்கள் பார்த்திருந்தனர். ஒப்புக்கொண்டால் உயிர் மிஞ்சும். ஆனால் வெறுமனே ஒப்புக்கொண்டால் போதாது, வேறு பெயர்களும் தர வேண்டும். வாக்குமூலங்கள் பெருகின. ஒவ்வொரு வாக்குமூலமும் புதியவர்களைச் சிறைக்குக் கொண்டுவந்தது. பல வாக்குமூலங்களில் ஒரே சொற்றொடர்களும் ஒரே காட்சிகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. இதைச் சதி உண்மை என்பதற்குச் சான்றாக நீதிபதிகள் கொண்டனர். கேட்டவர் விரும்பிய விடையைச் சொன்னவர் கற்றுக்கொண்டதன் அடையாளமாகப் பிற்கால ஆய்வாளர் பலர் அதைக் காண்கின்றனர்.

ஜான் யூரி

ஸ்பானியர்கள் கத்தோலிக்கப் பாதிரிகளை மாறுவேடத்தில் அனுப்பி ஆங்கிலேய நகரங்களைக் கொளுத்தத் திட்டமிடுவதாக, ஜார்ஜியா குடியேற்றத்தின் தலைவர் ஜேம்ஸ் ஓகில்தார்ப் எழுதிய எச்சரிக்கைக் கடிதம் நியூயார்க்குக்கு வந்தது. உடனே தேடல் அந்தத் திசையில் திரும்பியது. ஜூன் 24 அன்று இலத்தீன் கற்பித்துப் பிழைத்துவந்த ஜான் யூரி என்ற ஆசிரியர் கைதானார். ஹியூசனின் கடையில் அவரையும் கண்டதாக மேரி பர்ட்டன் சாட்சி சொன்னார். வேறு வெள்ளையர் எவரையும் கண்டதில்லை என்று அவரே ஏப்ரலில் சொன்னது தடையாகக் கொள்ளப்படவில்லை. யூரி தாம் கத்தோலிக்கப் பாதிரி அல்லர் என்றும், ஹியூசனைத் தமக்குத் தெரியாது என்றும் கடைசி வரை கூறினார். ஆகஸ்ட் 29 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

முடிவு

கோடையின் இறுதியில் மேரி பர்ட்டன் நகரின் மேல்தட்டைச் சேர்ந்த சிலரும் சதியில் இருந்ததாகக் குறிப்புக் காட்டத் தொடங்கினார். அதுவரை அவர் சொன்னதை ஐயமின்றி ஏற்றுவந்தவர்கள் அந்தக் கட்டத்தில்தான் அவரை ஐயுறத் தொடங்கினர். விசாரணைகள் அத்துடன் ஓய்ந்தன. செப்டம்பர் 24 நன்றி செலுத்தும் நாளாகக் கொண்டாடப்பட்டது. அறிவிக்கப்பட்ட 100 பவுண்டு பரிசு, அவருடைய ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கி விடுவித்த செலவு போக, மேரி பர்ட்டனுக்கு வழங்கப்பட்டது.

மொத்தத்தில் 150க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரும் ஏறத்தாழ 20 வெள்ளையரும் சிறைப்பட்டனர். 13 கறுப்பின ஆண்கள் உயிரோடு எரிக்கப்பட்டனர். 17 பேர் தூக்கிலிடப்பட்டனர். வெள்ளையரில் இரு ஆண்களும் இரு பெண்களும் தூக்கிலிடப்பட்டனர். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் கரீபியன் தீவுகள் உள்ளிட்ட இடங்களுக்கு விற்றனுப்பப்பட்டனர். இதற்கெல்லாம் காரணமான தீ நிகழ்வுகளிலோ, ஓர் உயிர்ச்சேதம்கூட வழக்கின் குற்றச்சாட்டாக முன்வைக்கப்படவில்லை.

ஆவணமும் ஆய்வும்

இவ்வழக்குகளைப் பற்றிய முதன்மை ஆவணம், நீதிபதி ஹார்ஸ்மண்டன் 1744இல் வெளியிட்ட நாட்குறிப்பு வடிவிலான விசாரணைத் தொகுப்பு. சதி உண்மைதானா என்று நகரிலேயே பேச்சு எழத் தொடங்கியதால், தம் நடவடிக்கையை நிலைநாட்டவே அவர் அதை எழுதினார். நீதிமன்ற மூல ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஆகவே எரிக்கப்பட்டவர்களின் சொற்களாக இன்று கிடைப்பவை, அவர்களுக்குத் தண்டனை விதித்தவரின் கைவழியே வந்தவை. இதை மனத்தில் வைத்தே அந்நூலைப் படிக்க வேண்டும்.

ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. 1741 கோடையில் நியூ இங்கிலாந்திலிருந்து பெயர் குறிப்பிடாத ஒருவர், நியூயார்க்கின் அரசு அலுவலர் காட்வாலடர் கோல்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1692இல் சேலத்தில் சூனியக்காரிகள் என்று கூறிப் பலரைத் தூக்கிலிட்ட கொடுமையை அவர் நினைவூட்டினார். அச்சுறுத்தலின் கீழ் வரும் வாக்குமூலங்களுக்கு மதிப்பில்லை என்பது அவர் வாதம்.

இன்றைய ஆய்வாளர்கள் மூன்று வகையாகப் பிரிகின்றனர். அடிமைகள் தங்கள் நிலையைப் பற்றிக் கோபத்துடன் பேசியதும் சிலர் தீ வைத்ததும் உண்மையாக இருக்கலாம், ஆனால் நகரைக் கைப்பற்றும் பெருஞ்சதி இல்லை என்பது ஒரு கருத்து. அக்காலச் சட்டத்தின்படி அந்தப் பேச்சே சதிதான் என்பது இரண்டாவது. திருட்டுக் கும்பல் ஒன்றையும் தற்செயலான தீக்களையும் அச்சம் இணைத்துவிட்டது என்பது மூன்றாவது. தாமஸ் டேவிஸ் (1985), பீட்டர் ஹாஃபர் (2003), ஜில் லெப்போர் (2005) ஆகியோரின் நூல்கள் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

ஒப்புமை: மொன்றியல் 1734

இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், பிரெஞ்சுக் குடியேற்றமான மொன்றியலில் ஒத்த வழக்கு ஒன்று நடந்தது. 1734 ஏப்ரல் 10 மாலை ஏற்பட்ட தீயில் மருத்துவமனை உட்பட 46 கட்டடங்கள் எரிந்தன. போர்ச்சுகலின் மதேரா தீவில் பிறந்த மரி ஜோசப் ஆஞ்செலிக் என்ற அடிமைப் பெண் குற்றஞ்சாட்டப்பட்டார். விற்கப்படுவோம் என்று அஞ்சிய அவர், அதற்குச் சில வாரங்கள் முன்பு தப்பியோடிப் பிடிபட்டிருந்தார். தீ வைத்ததை நேரில் கண்டவர் எவரும் பல வாரங்கள் கிடைக்கவில்லை. பிறகு ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, அவர் கரண்டியில் கனலை எடுத்துக்கொண்டு மாடிக்குச் செல்வதைக் கண்டதாகச் சொன்னாள். தண்டனை உறுதியான பின், உடந்தையானவர்களைச் சொல்லுமாறு கால்களை நசுக்கும் சித்திரவதை செய்யப்பட்டது. தாமே தீ வைத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். வேறு யார் பெயரையும் சொல்லவில்லை. ஜூன் 21 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இரு நகரங்களிலும் ஒரே ஒழுங்கைக் காணலாம். முதலில் தீ. பிறகு ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சு, ஏற்கெனவே அடக்கப்பட்டிருந்த ஒருவரைச் சுட்டுகிறது. சான்று கடைசியில் வருகிறது, பெரும்பாலும் அச்சத்தின் வழியாக.

இன்றைய சட்ட நோக்கில்

நியூயார்க் வழக்குகளில் நடந்தவை இன்றைய இந்தியச் சட்டத்தின் முன் நிற்குமா என்று பார்ப்பது மாணவர்களுக்குப் பயன்தரும்.

வாக்குமூலம்: ஆசைகாட்டியோ அச்சுறுத்தியோ வாக்குறுதி தந்தோ பெறப்பட்ட ஒப்புதல் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. காவல்துறை அதிகாரியிடம் தந்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியமும் இக்கொள்கைகளைத் தொடர்கிறது. விறகின் மேல் நிறுத்திப் பெற்ற குவாக்கின் வாக்குமூலமும், ஜூன் 19 அறிவிப்புக்குப் பின் வந்தவையும் இங்கே தள்ளுபடியாகும்.

உடந்தையாளர் சாட்சி: குற்றத்தில் பங்குகொண்டவர் பிறரைக் காட்டிக்கொடுக்கும்போது, அவர் சொல்லுக்குத் தனியாக வேறு சான்று வலுச்சேர்க்க வேண்டும் என்பது இந்திய நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் விதி.

வழக்கறிஞர் உரிமை: அரசியலமைப்பின் 22(1) பிரிவு, கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள உரிமை தருகிறது. 39அ பிரிவு இலவசச் சட்ட உதவியை வலியுறுத்துகிறது.

தீயின் காரணம்: அமெரிக்கத் தீயணைப்புத் துறையினர் பின்பற்றும் 921ஆம் எண் வழிகாட்டி 1992இல் முதலில் வெளியானது. தீ தொடங்கிய இடத்தை முதலில் கண்டறிய வேண்டும், அங்கு எது பற்றவைத்திருக்கும் என்ற ஒவ்வொரு சாத்தியத்தையும் சான்றோடு சோதிக்க வேண்டும் என்கிறது அது. வேறு காரணம் கிடைக்கவில்லை, ஆகவே தீவைப்பு என்று முடிவுகட்டும் முறையை அதன் பிற்காலப் பதிப்புகள் ஏற்பதில்லை. 1741இல் கோட்டைத் தீக்கு ஈயம் உருக்கிய சட்டி என்ற காரணம் கையிலேயே இருந்தும் அது கைவிடப்பட்டது.

தீவைப்பு இந்தியச் சட்டத்தில் கடுமையான குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 435, 436 பிரிவுகளில் இருந்த இக்குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவில் அடங்குகிறது. விளைபொருளுக்குத் தீ வைத்தால் 7 ஆண்டு வரையிலும், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தால் ஆயுள் தண்டனை வரையிலும் சிறை உண்டு.

சான்று பற்றிய விதிகள் இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி தமிழகத்துக்கும் உரியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றுக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் தலித் வேளாண் கூலிக் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர் தரப்பினரை உயர் நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. நியூயார்க்கில் தீவைப்பே உறுதியாகாத நிலையில் 34 பேர் உயிரிழந்தனர். கீழ்வெண்மணியில் தீவைப்பு உறுதியாக இருந்தும் எவரும் இறுதியில் தண்டிக்கப்படவில்லை. இரண்டிலும் பிடிபடாமல் போனது ஒன்றுதான்: யார் வைத்தார் என்ற கேள்விக்கு, சொல்பவர் யார் என்பதைப் பார்க்காமல் விடை தேடும் விசாரணை.

நினைவிடம்

1991இல் கீழ் மன்ஹாட்டனில் அரசுக் கட்டடம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கறுப்பினத்தவரைப் புதைத்த இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்கள் எடுத்து ஆராயப்பட்டு, 2003இல் அதே இடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1741இல் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் பெயர்கள் சீசர், பிரின்ஸ், குவாக், கஃபி என்பவை போல, உரிமையாளரின் பெயரோடு சேர்த்தே நீதிமன்றப் பட்டியலில் பதிவாகியுள்ளன. குடும்பப் பெயர் என்று அவர்களுக்குத் தனியே எதுவும் அதில் எழுதப்படவில்லை.